கயிற்றுக் காய்ப்பு

ஆஸ்பத்திரியை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் அண்ணனின் உடுப்புப் பை இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன். திரும்பிப் போகக் கால் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசும் இல்லை. சாம்பல்தீவுப் பக்கம் நடந்துகொண்டே இருந்தேன்.

அண்ணனுக்குக் கரைவலை இழுக்கும்போது நெஞ்சடைப்பு வந்தது. பிழைத்துவிட்டார். எங்கள் அப்பா அதே கரையில், கயிறு கையில் இருக்கவே செத்தவர். அதனால்தான் நான் வலைப்பக்கமே போகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சீனன்குடாவில் கூலி, மூதூரில் அரிசி ஆலை, துறைமுகத்தில் கப்பல் துரு சுரண்டுவது என்று திரிந்தேன். கயிற்றைத் தொடாவிட்டால் அந்தச் சாவு வராது என்று நம்பியிருந்தேன்.

அன்று காலை டொக்டரம்மா அண்ணனின் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் புடைத்திருந்த கட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப தொடக்கம் இருக்கு?"

"அது கயித்துக் காய்ப்பு, டொக்டர். வலை இழுக்கிறவைக்கு வாறது" என்றார் அண்ணன், படுத்தபடியே பெருமையாக.

எங்கள் கரையில் எல்லோரும் நம்புவது அதுதான். மணலில் குதிகாலை ஊன்றி இழுத்து இழுத்து வருவதாம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் புது ஆள் எடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

டொக்டரம்மா என்னிடம் திரும்பினார். "நீங்களும் வலை இழுக்கிறனீங்களோ?"

"ஒருநாளும் இல்லை."

"காலைக் காட்டுங்கோ பாப்பம்."

செருப்பைக் கழற்றினேன். செருப்பு உரசி வந்தது என்று நான் நினைத்திருந்த கட்டியை அவர் விரலால் அழுத்தினார். அண்ணன் எட்டிப் பார்த்தார். பிறகு தன் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அது கொழுப்பு என்றார் டொக்டரம்மா. இரத்தத்திலுள்ள கொழுப்பை ஈரல் அள்ளி எடுக்குமாம். அந்த வேலையை அடக்கி வைக்கிற மரபணு ஒன்று எல்லோருக்கும் உண்டாம். சில குடும்பங்களில் அது அளவுக்கு மீறி அடக்கும். கொழுப்பு தேங்கி நெஞ்சுக் குழாயை அடைக்கும். இரத்தத்தைச் சோதித்தால் நெஞ்சு நோவதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த மரபணுவையே குறிவைத்து அடக்குகிற ஊசி வெளிநாட்டில் வந்திருக்கிறது. இங்கே எடுப்பது கஷ்டம், ஆனால் விழுங்கக் குளிசை இருக்கிறது.

"உங்கட குடும்பத்தில அதுதானோ எண்டு சோதிச்சாத்தான் சொல்லலாம். நாளைக்கு வாங்கோ. வெறும் வயித்தோட. தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது."

ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

உப்புவெளி தாண்டியதும் இரண்டு தடவை நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இடித்தது. நடந்ததாலா, வேறெதாலா என்று தெரியவில்லை. ஒரு லொறி ஹோர்ன் அடித்தபோது மதிலைப் பிடித்துக்கொண்டேன். நான் மூதூரில் மூட்டை தூக்கிய நாட்களிலும் இது காலில்தான் இருந்திருக்கிறது. சோதிக்காமல் வவுனியாப் பக்கம் போய்விடலாமா என்றும் யோசித்தேன். போனாலும் காலும் கூடத்தானே வரும்.

இரவு அண்ணன் வீட்டில் தங்கினேன்.

விடிய, பஸ் காசுக்காவது வேலை கேட்போம் என்று கரைக்குப் போனேன். சம்மாட்டியார் குனிந்து என் குதிகாலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேய், உன்ர அப்பற்ர கால்! இவ்வளவு நாளும் எங்கையடா ஒளிச்சு வைச்சிருந்தனி? உன்ர அண்ணற்ர இடம் காலியாக் கிடக்கு. முன்கயித்தில நில்."

கயிறு ஈரமாக மணலில் கிடந்தது. அப்பா கடைசியாகப் பிடித்த இடமும் முன்கயிறுதான்.

"ஏலாது ஐயா. மீன் தெரிஞ்சு பிரிக்கிறன். அதுவும் முதல் வலைக்கு மட்டும். பிறகு அண்ணற்ர பையைக் குடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"இந்தக் காலை வைச்சுக்கொண்டு பொம்பிளையளோட இருந்து மீன் தெரியப் போறியோ?"

"வரட்டும் ஐயா, சீலை ஒண்டு நாங்கள் குடுக்கிறம்" என்றாள் கூடையோடு இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

தேத்தண்ணி வந்தது. அவள் என்னிடம் ஒரு கோப்பையை நீட்டினாள். வாங்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன்.

வலை கரையேறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு, நெத்தலியையும் கீரி மீனையும் வேறாக்க உட்கார்ந்தேன்.