ஒரியாப் படத்து மாப்பிள்ளை

போன கிழமை பருத்தித்துறை பஸ்ஸுக்காகப் புத்தூர்ச் சந்தியில் நின்றேன். பக்கத்து நகைப் பட்டறையிலிருந்து சிரட்டைக்கரி கனலும் மணம் வந்தது. இப்போது எல்லோரும் காஸில்தானே பொன் உருக்குகிறார்கள், இவர் யாரோ பழைய ஆள் போலிருக்கிறது. அருகில் நின்ற பெண் மூச்சை இழுத்து, "என்ன வாசம் பாருங்கோ, கலியாண வீட்டு வாசம்" என்றாள். எனக்கு அந்த வாசம் ஆகாது. குடையை விரித்துக்கொண்டு அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிட்டேன். அந்த வெயிலில் நடந்ததற்கும் ஒருவரைத்தான் திட்டினேன். முழங்கால் நொந்தாலும் பால் திரைந்தாலும் திட்டுவதற்கு எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறது. அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவள்.

அந்த ஆளின் பெயரை எழுதமாட்டேன். ஒரியாப் படங்களில் நடித்தவர், அங்கே அவருக்கு வேறொரு பெயர். இரண்டில் எதை எழுதினாலும் அவருக்கு விளம்பரமாகிவிடும். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரே பெயர்தான், மாப்பிள்ளை.

முறைக்கு எங்கள் மாமி மகன். பின் ஒழுங்கையில் வீடு. கோயில் திருவிழா நாடகங்களில் ராசா வேசம் கட்டுவார், நடிப்பைவிட மீசை நன்றாக இருக்கும். என் அக்காவுக்குப் பேசி, நாள் வைத்து, பொன்னுருக்கலும் நடந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கத் தட்டார் உருக்குவார். பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு கலியாண நாள்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் வீட்டுப் படலையைத் தாண்டக்கூடாது. அக்கா தாண்டவில்லை. மாப்பிள்ளை படலையை மட்டுமல்ல, கடலையும் தாண்டிவிட்டார்.

அந்தக் காலத்தில் புதுப்படம் பார்க்கவென்றே வள்ளமேறி அக்கரைத் தமிழ்நாட்டுக்குப் போய்வந்த பெடியன்கள் இருந்தார்கள். இவர் பார்க்கப் போகவில்லை, நடிக்கப் போனார். இங்கே பந்தல் போட்டு, அளவெட்டி மேளம் பேசி, பலகாரமும் சுட்டாகிவிட்டது. அந்தப் பயற்றம் பணியாரத்தை நாங்கள் எத்தனை நாள் தின்றோம் என்று கேளாதீர்கள். இன்றைக்கும் யாராவது அதைத் தட்டில் வைத்து நீட்டினால், சர்க்கரை வருத்தம் என்று பொய் சொல்லிவிடுவேன்.

சரி, ஓடினான், தொலைந்தான் என்று விட்டிருக்கலாம். விட்டார்களா? மகன் ஓடிய வெட்கத்தை மறைக்க மாமி ஒரு கதை கட்டினாள். பொதுக்கிணற்றடியில், அத்தனை பெண்களும் தண்ணீர் அள்ள நிற்கும் நேரம் பார்த்துச் சொன்னாள்.

"என்ரை பிள்ளை சும்மா ஓடேல்லை. பெட்டையிலை ஏதோ குறை. அதை நான் என்ரை வாயாலை சொல்லமாட்டன்."

அவள் சொல்லாமல் விட்டதை ஆளாளுக்கு நிரப்பினார்கள். முன்வீட்டு அன்னம்மாக்கா வலிப்பு என்றாள். கடைக்கார மங்கை சொன்னதை எழுத எனக்குக் கை கூசுகிறது. பொன்னுருக்கி நின்றுபோன பெண்ணை, அதுவும் இப்படி ஒரு பேச்சுக்குப் பிறகு, யார் கேட்டு வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. அக்கா கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்கும் சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவாள். என்னைப் போல அவள் திட்டுகிறவள் இல்லை. ஒரே ஒருநாள், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அவன் திரும்பி வரவேண்டாமடி. என்னிலை குறையில்லையெண்டு இந்தச் சனத்துக்கு முன்னாலை ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போகட்டும். எனக்கு அது காணும்."

அவளுக்கு அது போதும். எனக்குக் காணாது. மாப்பிள்ளை நாலு பேர் முன்னால் குனிந்து நிற்கவேண்டும், அதை நான் பார்க்கவேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஏறிய அந்த நினைப்பு, ஆசிரியையாகி ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை.

சென்னையில் மாப்பிள்ளைக்குத் தமிழ்ப்படக் கதவு திறக்கவில்லையாம். வாறன், போறன் என்று வசனம் பேசினால் அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் அந்த நாளில் சென்னை ஸ்டூடியோக்களில் பல மொழிப் படங்களும் எடுத்தார்கள். ஒரியாப் படத்துக்கு இவருடைய குரல் தேவைப்படவில்லை, மீசை போதுமாக இருந்தது. பிறகு கட்டாக், புவனேஸ்வர் என்று போய், அங்கேயே குடும்பமும் ஆகிவிட்டார். இந்தியாவில் படித்துவிட்டு வந்த ஒருவர் சுவரொட்டியில் இவர் முகத்தைக் கண்டதாகச் சொன்னதுதான் தாமதம், ஊர் அப்படியே திரும்பிவிட்டது. ஓடினவன் 'எங்கடை ஊர்ப் பெடியன்' ஆனான். கதாநாயகன் என்று ஊரே முடிவு கட்டியது. "நல்ல காலம். இஞ்சை ஒண்டைக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தா உந்தப் பேர் வருமே?" என்று அக்காவின் காதுபடவே அன்னம்மாக்கா கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தி படித்தேன். என்றைக்காவது கண்டால் அவனுடைய மொழியிலேயே நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று புத்தகம் வாங்கி, வாய்விட்டு மனப்பாடம் செய்தேன். பாதிப் புத்தகம் முடிந்த பிறகுதான் ஒரியா வேறு மொழி, எழுத்தே வேறு என்று தெரிந்தது. அவன் புத்தூரான், தமிழிலேயே திட்டலாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தால் என் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

பிறகு சண்டை வந்தது, ஊரோடு ஓடினோம், திரும்பி வந்தோம். அதெல்லாம் தனிக்கதை. கனடாவிலிருக்கும் தம்பி ஒருநாள் மாப்பிள்ளையின் பழைய படங்களை ஃபோனில் பார்க்க வழிசெய்து அனுப்பினான். கதாநாயகனாம், மண்ணாங்கட்டி! பண்ணையாரின் அடியாள். படத்துக்குப் படம் அறை வாங்குகிறார். பளார் பளார் என்று விழுந்த அந்த அறைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். வயது போகப் போக இன்ஸ்பெக்டர் ஆனார், நீதிபதி ஆனார், கதாநாயகியின் தகப்பன் ஆனார். கடைசிப் படத்தில் மாலைபோட்ட போட்டோவாகச் சுவரில் தொங்குகிறார். அவருடைய நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாத்திரம்தான்.

மத்தியானத்தில் அக்கா கண்ணயர்ந்திருப்பாள் என்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். அப்படித்தான் சங்கதி பிடிபட்டது. சத்தமில்லாவிட்டால் கண் வாய்க்குப் போகுமல்லவா? ஓர் ஆரம்ப காலப் படத்தில் மாப்பிள்ளை கத்தியை ஓங்கிக்கொண்டு ஆவேசமாக வாயைத் திறக்கிறார். வாய் சொல்கிறது: "ஒண்டு, ரெண்டு, மூண்டு!" எழும்பி உட்கார்ந்துவிட்டேன். திரும்ப ஓடவிட்டேன், ஐயமே இல்லை. கெஞ்சும்போது நாலு, ஐஞ்சு. அழும்போது பத்துவரை போகிறார். மொழி தெரியாத நடிகர்கள் இப்படி எண்ணிச் சமாளிப்பதும், வசனத்தை வேறு ஆள் பிறகு பேசிச் சேர்ப்பதும் உண்டென்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை ஊருக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. வாசிகசாலையில் பாராட்டு விழாவாம், பொன்னாடையாம், பெரிய திரையில் படக்காட்சியாம். வாசிகசாலைத் தலைவர் கொடிகாமத்திலிருந்து எங்கள் ஊரில் பெண் எடுத்து வந்தவர், நல்ல மனிதர். படலையடியில் நின்று கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் முந்தி இந்தி படிச்சனீங்களாம். ஒரியாவும் கிட்டத்தட்ட உதுதானே? காட்சியைப் போடேக்கை என்ன கதைக்கினம் எண்டு மைக்கிலை சொல்லிவிடுங்கோவன்."

கும்பிட்ட தெய்வம் கொடிகாமத்து உருவில் வந்து நிற்கும்போது மாட்டேன் என்பேனா? எந்தக் காட்சி என்று மட்டும் நானே பார்த்துக் கொடுத்தேன். அடியாள் திருந்தி, ஒரு பெண்ணின் காலடியில் விழுந்து கதறும் காட்சி. அக்காவை வரச்சொல்லிக் கெஞ்சினேன். "நீ போய்ட்டு வா" என்றுவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வெள்ளை ஜிப்பா போட்டு, மீசைக்கு மை அடித்திருந்தார். பேச எழும்பியதும் தொடங்கினார். "முதல் படத்திலையே ஒரியா எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒருத்தரும் எனக்குக் குரல் குடுத்ததில்லை. எல்லாம் என்ரை சொந்த வசனம்." சபை கை தட்டியது. நானும் தட்டினேன், என்னைவிட யாரும் பலமாகத் தட்டியிருக்க முடியாது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மாப்பிள்ளை மண்டியிட்டார். "சத்தத்தை நிப்பாட்டுங்கோ, ரெண்டும் சேர்ந்தா விளங்காது" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தேன். அவருடைய வாய் ஒண்டு, ரெண்டு என்று அசையத் தொடங்கிய இடத்தில் நானும் தொடங்கினேன்.

"பிள்ளை, உன்னிலை ஒரு குறையும் இல்லை. பொன்னுருக்கின கையோடை ஓடினவன் நான். படத்திலை நடிக்கிற விசரிலை ஓடினனான். என்ரை அம்மா உன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். அது பொய்யெண்டு தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை."

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "அங்கையும் பொன்னுருக்குவினமோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். தலைவர் சிரித்துக்கொண்டு, "ரீச்சர் சொன்னது சரியோ ஐயா?" என்றார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். இல்லை என்பதற்குத்தான் திறந்தார், சத்தியமாகச் சொல்வேன். நான் முந்திக்கொண்டேன்.

"ஐயாவுக்குச் சந்தேகமெண்டா இன்னொருக்கால் சத்தமில்லாமல் போடட்டோ? நான் கதைக்கமாட்டன். எல்லாரும் ஐயாவின்ரை வாயை வடிவாப் பார்க்கலாம்."

என்னை ஏறிட்டுப் பார்த்தார். எங்கள் அம்மாவின் முகம் எனக்கு, அதை அவர் கண்டுகொண்டது தெரிந்தது. மைக்கை வாங்கினார்.

"வேண்டாம், வேண்டாம். ரீச்சர் சொன்னது அச்சொட்டாச் சரி."

சபை மறுபடி கை தட்டியது. தேநீர் நேரத்தில் கோப்பையோடு என்னிடம் வந்து, "அக்கா சுகமா இருக்கிறாவோ?" என்றார். "அதைக் கேக்கிற வாயைப் பார். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அத்தான்" என்றேன். அவசரமாகக் குடிக்கப் போய்த் தேநீரை ஜிப்பாவில் சிந்திக்கொண்டார். பாவமாக இருந்தது என்று எழுதுவேன் என்று நினைக்கிறீர்களா? இருக்கவில்லை. கறை போகக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அக்கா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒன்றும் விடாமல் நடித்தே காட்டினேன், மண்டியிட்டு எழும்ப முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"கடைசியிலை என்னவாம்?"

"அச்சொட்டாச் சரியெண்டு சபைக்கு முன்னாலை சொன்னவன் அக்கா!"

அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "ஆர் ஆர் வந்திருந்தவை?"

உற்சாகமாகத் தொடங்கினேன். வாசிகசாலைத் தலைவர், வங்கியில் வேலை செய்கிற பெடியன்கள், புதுவீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள், ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

"பழைய ஆக்கள்?"

மாமி போய் எத்தனையோ காலம். அன்னம்மாக்கா செத்ததும் இடம்பெயர்ந்த இடத்திலேயே எரித்தார்கள். மங்கை லண்டனில், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறாளாம். கிணற்றடியில் வாளியோடு நின்ற அத்தனை பேரையும் ஒவ்வொருவராக மனதில் எடுத்துப் பார்த்தேன். கிணற்றையும் தூர்த்து, மேலே ஃபோன் கடை கட்டிவிட்டார்கள்.

"ஒருத்தரும் இல்லை அக்கா."

அக்கா அடுத்த கொப்பை எடுத்து இலையை உருவினாள்.

"அப்ப ஆருக்கடி சொல்லிப்போட்டு வந்தனீ?"