டன் கணக்கில் ஒரு தேசம்

பழைய மெஷின் விற்கிறவன், அதை என்றோ செய்தவனுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். செகண்ட் ஹேண்டில் எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். தூத்துக்குடியிலிருந்து போன நான், துபாய் அல் கூஸில் சாகுல் காக்காவின் யார்டில் சேல்ஸ்மேன். காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற ஊர். மாதம் இத்தனை மெஷின் விற்க வேண்டும் என்று எனக்கு டார்கெட் வைப்பார். சோவியத் யூனியன் உடைந்தபின் மூடிக் கிடந்த ஆலைகளின் மெஷின்கள், இரண்டாயிரத்துக்குப் பிறகு கன்டெய்னர் கன்டெய்னராக எங்களிடம் வந்தன. ரஷ்ய மொழி பேச ஆள் வேண்டுமென்று காக்கா வேலைக்கு வைத்தவர்தான் கலீனா மேடம். உக்ரைனில் ஒரு பெரிய ஆலையில் திட்டப் பிரிவு இன்ஜினியராக இருந்தவர். மாஸ்கோவிலிருந்து வரும் டார்கெட்டைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுத்தது அவர்தான்.

அந்தரத்தில் நின்ற ஃபோர்க்லிஃப்ட்

முதல் லேத்தை இறக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. அதே அளவு ஜெர்மன் லேத்தை அதே வண்டி முந்தின வாரம் பூப்போல இறக்கியிருந்தது. டிரைவர் குதித்து ஓடிவிட்டான். கிரேன் வைத்து இறக்கியபின் அதன் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தேன். பாறையைத் தட்டுவது போல இருந்தது. ஒரே மெஷினுக்குள் இவ்வளவு இரும்பை ஊற்ற ஒரு நாட்டுக்கு மனசு வந்திருக்கிறதே என்று தோன்றியது.

எதற்கு இவ்வளவு கனம் என்று மேடத்திடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "டார்கெட் டன் கணக்கில் வந்தது, அந்தோணி. லேசாகச் செய்கிறவனுக்கு யார் போனஸ் கொடுப்பார்கள்?"

மெஷினுக்கும் ஜாதகம்

தாஷ்கண்டிலிருந்து ருஸ்தம் என்று ஒருவர் லேத் வாங்க வந்தார். ஒரே மாடலில் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று இருந்தது, இன்னொன்றில் பெயின்ட் உரிந்திருந்தது. அவர் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. எந்தத் தேதியில் செய்தது என்று மட்டும் இரண்டுக்கும் கேட்டார். கேட்டுவிட்டு உரிந்ததைத் தொட்டு, "இது போதும்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடத்தின் முகம் சிவந்துபோயிற்று. பிறகு அவரே விளக்கினார். மாத ஆரம்பத்தில் வேலை நிதானமாக நடக்குமாம். நடுவில் சாமான் வராமல் கை கட்டி உட்கார்ந்திருப்பார்களாம். கடைசிப் பத்து நாளில் டார்கெட்டை எட்ட ஆலையே பேய் பிடித்த மாதிரி ஓடுமாம். திருகி ஏற்ற வேண்டிய ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்களாம். பளபளத்தது அப்படி ஒரு மாதக் கடைசியில் பிறந்தது. மேடம் தலை குனிந்ததைப் பார்த்த ருஸ்தம் மெதுவாகச் சொன்னார்: "வருத்தப்படாதீர்கள். நானும் ஆலையில் இருந்தவன்தான். மாதக் கடைசியில் நானும் அப்படித்தான் அடித்தேன், அதனால்தான் தேதி கேட்டேன்."

டார்கெட் யாரிடம்?

ஒருநாள் பிக்கப்பில் பர் துபாய் போகிற வழியில் மேடம் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் அங்கே வெறும் புல்வெளிதானாம். கூடாரத்தில் படுத்துக்கொண்டு, பனியில் அஸ்திவாரம் தோண்டி, முதலில் ஆலையைக் கட்டினார்கள். பிறகு ட்ராம், பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குக்கூடத் திட்டத்தில் இடம் இருந்ததாம். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

வெளியே ஷேக் சாயத் ரோட்டின் இரண்டு பக்கமும் கிரேன்கள் காடாக நின்றன. போன லீவுக்கு முன் மணலாக இருந்த இடத்தில் கட்டடம் முளைத்திருந்தது. மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். "எங்களிடம் டார்கெட் இருந்தது, சிமெண்ட் இல்லை. இங்கே சிமெண்ட் இருக்கிறது, டார்கெட் யாரிடம் இருக்கிறதென்றுதான் தெரியவில்லை" என்றார்.

போனைக் கீழே வைக்காதே

கடைசியாக ஒரு பிரஸ் வந்தது. இரும்புத் தகட்டை அழுத்திக் கதவாக்குகிற, வீடு உயர ராட்சதன். அதன் நெற்றியிலிருந்த முத்திரையைப் பார்த்ததும் மேடம் அசையாமல் நின்றுவிட்டார். அது அவருடைய ஆலையிலேயே செய்தது. ஆனால் என்ன செய்தும் ஓடவில்லை. ஓமன் நாட்டுச் சோஹாரில் கதவு செய்கிற ஒரு மலையாளி, ஓடினால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். காக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, "கலாஸ் தம்பி, முடிஞ்சுபோச்சு. சனிக்கிழமை ஸ்கிராப்காரன் லாரி கொண்டு வருவான், வெட்டிக் கொடுத்திரு" என்றார்.

வெள்ளிக்கிழமை லீவு நாளில் மேடம் போன் கார்டு வாங்கிக்கொண்டு யார்டுக்கு வந்தார். அந்த பிரஸ்ஸை ஆலையில் பாகம் பாகமாகப் பூட்டிய ஃபிட்டர் ஸ்டெபான், ஓய்வு பெற்று மேடத்தின் ஊரில் இருந்தார். அவர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, மேடம் எனக்குச் சொல்ல, நான் ஏணியில் நின்று வால்வுகளைக் கழற்றி மாட்டினேன். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டதும் அது ஒருமுறை முனகியது. பிறகு மேலிருந்து இறங்கிய இறக்கத்தில் காலடியில் தரை அதிர்ந்தது. எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து மெஷின் பக்கம் நீட்டினார்.

திரும்பக் காதில் வைத்துக் கேட்டவர் மறுபடி அதை மெஷின் பக்கமே நீட்டினார். கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே சொன்னார்: "ஆலை மூடியபிறகு எங்கள் ஊரில் சத்தமே இல்லை, கலீனா. கார்டு தீருகிற வரைக்கும் போனைக் கீழே வைக்காதே."

கம்யூனிசம் முடிந்துவிட்டதாகப் பேப்பரில் படித்திருக்கிறேன், ஆனால் டார்கெட் என்று ஒன்று முடியும் என்பதை எங்கள் காக்கா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவேயில்லை.