ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்த பேச்சு

நார்த் பிட் ஊரின் கூட்டுறவுக் கடையில் இறைச்சிப் பிரிவு லோர்னா வூக்கலிச்சின் ராஜ்யம். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறாள். நவம்பரில் வேட்டைக்குப் போனவர்கள் மானைக் கொண்டுவந்து போட்டால், அதைத் தொடை, விலா, கொத்துக்கறி என்று பிரித்துக் கொடுப்பதில் மினசோட்டாவின் அந்த இரும்புச் சுரங்க வட்டாரத்திலேயே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாருக்கு மருத்துவர் பன்றிக் கொழுப்பை நிறுத்தச் சொன்னார், சொல்லியும் யார் நிறுத்தவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. பள்ளி வாரியத்தின் ஆறு உறுப்பினர்களும் அவளிடம்தான் கறி வாங்குகிறார்கள். ஆறு பேருக்குமே அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. அந்தப் பயம் கத்தியால் வந்ததல்ல.

அவள் மகள் ஜோசிக்கு ஒன்பது வயது. வாயால் பேச வராது. படங்கள் நிறைந்த ஒரு பலகைக் கணினியை விரலால் தட்டுவாள். அது அவளுக்காகப் பேசும். எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கம் நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டியபோது, "முடிஞ்சுது. முடிஞ்சுது. முடிஞ்சுது" என்று மூன்று முறை தட்டினாள். ஊரே நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

பிரசங்கம் முடிந்த பிறகு பாதிரியாரின் மனைவி லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "விசேஷமான பிள்ளைகள ஆண்டவர் விசேஷமான பெத்தவங்களுக்குத்தான் குடுப்பாரு, லோர்னா."

"அப்படியா? இங்க இருவது மைல் சுத்துவட்டாரத்துல பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க. ஆண்டவர் அவங்களையும் ரெண்டு பேரா குடுத்திருக்கலாமே."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். லோர்னா சிரிக்கவில்லை. அவள் உண்மையாகத்தான் கேட்டாள்.

இந்த வாய் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஜோசிக்கு ஐந்து வயதானபோது பள்ளியில் முதல் கூட்டம் போட்டார்கள். சட்டப்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தனித்திட்டம் எழுத வேண்டும்: எங்கே படிக்கும், யார் கற்பிப்பார், வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்ன பயிற்சி. மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர், இந்தப் பக்கம் லோர்னா மட்டும். எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். "இங்க ஒரு கையெழுத்து" என்றார்கள். போட்டாள்.

மூன்று மாதம் கழித்து, ஜோசி மறந்துவிட்டுப் போன பனிக் காலணியைக் கொடுக்க நண்பகலில் பள்ளிக்குப் போனாள். ஜோசியின் வகுப்பில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜோசி அங்கே இல்லை. முன்பு மல்யுத்தப் பாய்களை அடுக்கி வைத்திருந்த அறையில், உதவியாளர் ஒருவரோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அங்கேதான் என்று தெரிந்தது. "திட்டத்துல அப்படித்தானே இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள், அதே அன்போடு.

அன்று இரவே நாற்பது பக்கத் திட்டத்தைப் படித்து முடித்தாள். பிறகு சட்டத்தைப் படித்தாள். இடைவேளையில் குளிர் அறைக்குள் தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே படித்தாள். அங்கேதான் யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால், பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெற்றோர்கள் போராடி வாங்கிய சட்டம் அது. அதில் "கருணை" என்ற சொல்லைத் தேடினாள். இல்லை. "உரிமை" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

ஜோசியைப் பாய் அறையிலிருந்து வெளியே கொண்டுவர ஓராண்டு ஆயிற்று. செய்தி பரவியது. அதன் பிறகு கண்ணாடிக்கு முன்னால் வேறு வகையான வாடிக்கையாளர்களும் வரத் தொடங்கினார்கள்.

"ரெண்டு பவுண்டு கொத்துக்கறி குடு, லோர்னா. அப்புறம்... இந்தக் காகிதத்த ஒரு பார்வ பாரேன். என்னமோ எழுதியிருக்காங்க, ஒரு எழவும் புரியல."

லோர்னா கையைக் கழுவிக்கொண்டு படிப்பாள். கூட்டத்துக்கும் கூடவே போவாள். காசு வாங்க மாட்டாள். போனதும் முதலில் நாற்காலிகளை மாற்றிப் போடச் சொல்வாள். அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் ஒன்று என்று யாரையும் உட்காரவிட மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் சென்ற பிப்ரவரியில் அந்த வட்டாரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் டாக்டர் தார்ஸ்கார்ட் ஒரு திட்டம் கொண்டுவந்தார். நார்த் பிட் தொடக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி பெறும் பதினோரு பிள்ளைகளையும் நாற்பத்திரண்டு மைல் தள்ளி லார்க்வுட்டில் ஒரு மையத்துக்கு அனுப்பிவிடுவது. வல்லுநர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்களாம். காலை ஆறு பத்துக்குப் பேருந்து. ஜனவரியில் அந்த நேரத்தில் அங்கே கண் இமையில் பனி உறையும். ஜோசியின் வகுப்பில் இருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அவளுடைய பலகை பேசுவது புரியும். மூன்று ஆண்டுகள் கூடவே இருந்து பழகியவர்கள். அதையெல்லாம் ஒரே கையெழுத்தில் அறுத்துப் போடப் பார்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று லோர்னாவுக்குத் தெரியும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கூட்டம் போட்டு, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, என்ன தேவை என்று எழுதிய பிறகே எங்கே படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முடிவை முதலில் எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பிறகு நடத்தினால் அது நாடகம். மாநிலக் கல்வித் துறைக்கு ஒரு புகார் போனால் போதும், கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் முடிவு எடுத்தாகிவிட்டது என்பதை யார் நிரூபிப்பது? கண்காணிப்பாளரைக் கேட்டால், "இப்ப ஆலோசன கட்டத்துலதான் இருக்கு, மிஸ் வூக்கலிச். பெத்தவங்க கருத்துக்கு நாங்க ரொம்ப மதிப்புக் குடுக்கறோம்" என்று தேனொழுகச் சொல்வார்.

மார்ச் மாத வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில். பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. பேசுகிறவர்களுக்கு வாரியத்தார் பதில் சொல்ல மாட்டார்கள், தலையைக்கூட ஆட்ட மாட்டார்கள். அது அங்கே நெடுநாள் வழக்கம். மக்கள் பேசிவிட்டுப் போவார்கள், வாரியம் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்.

லோர்னா எழுதிய பேச்சு பதினேழு நிமிடம் வந்தது. எவ்வளவு வெட்டியும் குறையவில்லை. கறி வெட்டுகிறவளுக்குச் சொல்லை வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் அதை ஆறு துண்டாக்கி, தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஐந்து பெற்றோரிடம் கொடுத்தாள்.

வாரியத் தலைவர் ஆர்விட் சாரெலாவுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பது ஆண்டுகள் ஊரின் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி பயிற்றுவித்தவர். வாரியத்தில் இருந்தாலும் கடையில் இருந்தாலும் அவர் எல்லோருக்கும் "கோச்"தான்.

லோர்னா முதலில் எழுந்தாள். மூன்றாவது நிமிடம் முடியும்போது, "எங்க பிள்ளைங்கள பஸ்ல ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க உக்காந்து பேச வேண்டிய ஆளுங்க யாருன்னா..." என்றாள். சிவப்பு விளக்கு. உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த தாய் எழுந்தார். பெயர், முகவரி சொன்னார். "நாங்கதான்" என்று தொடங்கினார்.

நூலகம் சிரித்தது. கண்காணிப்பாளர் தலைவரின் காதருகே குனிந்தார். கோச் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிமுறைத் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். "ஒரு வாக்கியத்த ரெண்டு பேரு பேசக்கூடாதுன்னு இதுல எங்கயும் இல்லயே, டாக்டர். பேசும்மா நீ."

மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் அப்படியே பேசினார்கள். வாரியம் தண்ணீர் குடித்தது. ஐந்தாவதாக எழுந்தவன் கர்ட் மாக்கினென். சுரங்கத்தில் வீட்டளவு பெரிய லாரி ஓட்டுகிறவன். அவன் மகன் ஓவனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். நான்காம் வகுப்பில் இப்போதுதான், தனி ஆசிரியரின் உதவியால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான்.

கர்ட் தாளை விரித்தான். பச்சை விளக்கு எரிந்தது. அரை நிமிடம் போயிற்று.

"கர்ட், நாலாவது வரியிலேந்து" என்று லோர்னா மெதுவாகச் சொன்னாள்.

"எந்த வரின்னு எனக்குத் தெரியாது, லோர்னா." அவன் தாளை மடித்தான். "என் பொஞ்சாதி வாசிச்சுக் காட்டினா, மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். எல்லாம் போயிடுச்சு. எனக்குப் படிக்க வராது. இதே பள்ளிக்கூடத்துலதான் பன்னெண்டு வருஷம் உக்காந்தேன். சோம்பேறின்னாங்க. ஹாக்கி நல்லா ஆடறான், விட்டுடுன்னாங்க. என் பையன் இப்ப வீட்ல எனக்கு வாசிச்சுக் காட்டறான். அந்த டீச்சர்கிட்டேந்து அவனப் பிரிக்காதீங்க. அவ்வளவுதான்."

லோர்னாவுக்கு முகம் சுட்டது. இரண்டு வாரம் அவனிடம் அந்தத் தாளைக் கொடுத்து வைத்திருந்தாள். படிக்க வருமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இரண்டு நிமிடம் மீதமிருந்தது, விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அது நடந்தது. அந்த ஊர்க்காரர்களால் தாங்கவே முடியாத ஒன்று உண்டென்றால், தங்கள் கண்ணெதிரே ஒருவன் சங்கடப்பட்டு நிற்பதுதான். பனியில் சிக்கிய காரைத் தள்ளாமல் அவர்களால் கடந்துபோக முடியாது. அது போலத்தான் இதுவும். கர்ட் கோச்சின் பழைய ஆட்டக்காரன் வேறு. கிழவரின் வாய் வழக்கத்தையும் விதியையும் மறந்தது.

"கர்ட்டு, கலங்காதடா. நீ பயப்படற மாதிரி ஒண்ணும் ஆயிடாது. புது பஸ்ஸுடா அது, நல்ல ஹீட்டர். போன செவ்வாக்கெழமதான் ஒப்பந்தம் போட்டோம். ஓவனுக்கு ரெண்டாவது வரிசையில ஜன்னல் சீட்டு. நானே பட்டியலப் பாத்தேன். பதினோரு பேருக்கும் சீட்டுப் போட்டாச்சு."

கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

லோர்னா எழுந்தாள். "மேவிஸ்" என்று குறிப்பெடுக்கும் அம்மாளைக் கூப்பிட்டாள். "கோச் சொன்னத எழுதிக்கிட்டீங்களா?"

மேவிஸ் இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வாரியத்தின் குறிப்புகளை எழுதுகிறவர். தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஜன்னல் சீட்டு உள்பட. ஒலிப்பதிவும் ஓடிட்டு இருக்கு."

"எங்க பிள்ளைங்களோட கூட்டமெல்லாம் அடுத்த மாசம்தான், கோச். எங்கள இன்னும் ஒரு வார்த்த கேக்கல. அதுக்குள்ள சீட்டு போட்டாச்சா?"

கோச் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "போட்டாச்சு" என்றார். பிறகு, "இது தப்பா, லோர்னா?" என்று கேட்டார்.

"சட்டப்படி தப்பு, கோச். நீங்க நல்ல மனுஷன்தான். அதுக்காக இது தப்பில்லன்னு ஆயிடாது."

ஆறாவது ஆள் ஒரு தந்தை. எழுந்து பெயர், முகவரி சொன்னார். "நான் பேச வந்ததெல்லாம் கோச்சே பேசிட்டாரு. நன்றி" என்று உட்கார்ந்தார். நூலகம் மறுபடி சிரித்தது. கோச்சும் சேர்ந்து சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் பகலுக்குள் வாரியத்தின் வழக்கறிஞர் பதிவைக் கேட்டுவிட்டார். என்ன சொன்னாரோ தெரியாது. அந்த வாரமே திட்டம் திரும்பப் பெறப்பட்டது, பேருந்து ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. பதினோரு கூட்டங்களும் ஒவ்வொன்றாக, முறைப்படி நடந்தன. ஒன்பது குடும்பங்கள் ஊரிலேயே இருந்தன. இரண்டு குடும்பங்கள் மையம்தான் வேண்டும் என்றன. அங்கே தங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான நீச்சல் குளமும் பயிற்சியும் இருந்தன. லோர்னா அந்த இரண்டு கூட்டங்களுக்கும் போனாள், அவர்கள் கேட்டதை வாங்கிக் கொடுத்தாள். பெற்றோரைக் கேட்டுச் செய்தால் லார்க்வுட்டும் நல்ல ஊர்தான்.

கர்ட்டிடம் அவள் மன்னிப்புக் கேட்டபோது, "விடு லோர்னா, இத்தன வருஷத்துல அன்னிக்கித்தான் நிம்மதியாத் தூங்கினேன்" என்றான். இப்போது வாரத்தில் இரண்டு மாலை ஓவனின் ஆசிரியரிடம் அவனும் படிக்க உட்காருகிறான்.

ஜோசியின் கூட்டம் ஏப்ரல் கடைசியில் நடந்தது. ஊரிலேயே, அதே வகுப்பிலேயே என்று முதல் பத்து நிமிடத்தில் எழுதியாயிற்று. கண்காணிப்பாளர் பேனாவை மூடினார்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் லோர்னா. "குளிர்காலத்துல வெள்ளிக்கெழம வகுப்பு மொத்தமும் பனிச்சறுக்கு மைதானத்துக்குப் போகுது. ஜோசி மட்டும் நூலகத்துல படம் பாக்கறா. ஏன்?"

"பாதுகாப்புக்காகத்தான், மிஸ் வூக்கலிச். விழுந்துட்டா?"

"மத்த பிள்ளைங்க விழறதே இல்லயா?"

"நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே. இன்னும் என்ன?"

"நான் ஜெயிக்க வரல, டாக்டர். சறுக்கறதப் பத்திப் பேச வந்திருக்கேன்."

உடற்பயிற்சி ஆசிரியை, பிடித்துத் தள்ளிக்கொண்டே சறுக்கும் இரும்புச் சட்டகம் ஒன்று உண்டு என்றார். உதவியாளர் கூட நிற்பதாகச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசி, நாற்பது பக்கத் திட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது.

நவம்பர் மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜோசி பனியில் இறங்கினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். சுற்றிலும் இருபத்திரண்டு பிள்ளைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். யாரும் நின்று அவளைப் பார்க்கவில்லை.

தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற லோர்னா, கண்ணீர் கன்னத்தில் உறைவதற்குள் துடைத்துக்கொண்டு, மான்கறிக்குக் காத்திருந்தவர்களைப் பார்க்கக் கடைக்கு ஓடினாள்.