கூடைக்கு மட்டும் டிக்கெட்

எங்க ஊர் முதல் பஸ்ஸை வருகிற பஸ் என்று சொல்ல முடியாது. அது முதல் நாளே வந்து நின்றுவிடும். மந்தைத் திடலில் நிறுத்திவிட்டு, டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். காலையில் ஐந்து ஐம்பதுக்கு எடுத்தால் ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. எங்க ஊர் மேலூர்ப் பக்கம். மெயின் ரோட்டு விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அடுத்த பஸ் ஒன்பது மணிக்குத்தான். ஒன்பது மணி பஸ் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் ஆகும். வேலைக்கு ஆகாது.

நான் கீரைக்காரி. அரை ஏக்கர் நிலம் என் பேரில் இருக்கிறது. கூலிக்கு நின்ற வீட்டில் பிறந்து கூலிக்கு நின்ற வீட்டில் வாக்கப்பட்டவள். நானும் என் வீட்டுக்காரரும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய் வாங்கிய நிலம் அது. அவர் போய்விட்டார். நிலம் இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. சாயங்காலம் அரிந்து, மண்ணை அலசி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்தால் காலையில் இலை விறைப்பாக இருக்கும். கே.கே. நகரில் எனக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. ஏழு மணிக்கெல்லாம் வாசலில் நிற்க வேண்டும். எட்டுக்கு மேல் அந்தத் தெருக்களில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம்தான். கீரை ஆய ஆள் இருக்காது.

பக்கத்து வீட்டு மருமகளும் அதே பஸ்தான். என்னை அத்தை என்பாள். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஏழு மணிக்கு டூட்டி. இன்னும் ஜவுளிக் கடைக்குப் போகிற பெண்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள். ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு வண்டி இருக்கிறது.

பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லை என்று அரசாங்கம் சொன்ன புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஆள், பக்கத்து ஊர்க்காரர், என் தலைக்கு மேலே சொன்னார்:

"காசு குடுத்தவன் நிக்கிறான். ஓசியில வந்த மகாராணிக உக்காந்திருக்குதுக."

பெண்கள் சிரித்தார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளை ஒன்று, "மகாராணி பக்கத்துல இடமிருக்கு, உக்காருங்கண்ணே," என்றது. பஸ்ஸே சிரித்தது. அந்த ஆளும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

எங்க அம்மா களத்தில் முந்தானையை ஏந்திக் கூலி நெல் வாங்கினவள். நெல் அளந்து போடுகிறவர் மரக்காலைக் கவிழ்ப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் கவிழ்ப்பார். அம்மா கேட்காத மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். முந்தானை மட்டும் நீட்டினபடி இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். யாரிடமும் எதற்கும் கையை நீட்டக் கூடாது என்பது அப்போது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

மறுநாள் கண்டக்டரிடம் பத்து ரூபாயை நீட்டினேன்.

"என்ன ஆத்தா இது?"

"டிக்கெட்டுக்கு."

"உங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே. இதை வாங்குனா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"அப்ப டிக்கெட்டும் வேணாம்."

"ஐயோ ஆத்தா, காசில்லைன்னாலும் டிக்கெட் கிழிக்கணும். செக்கிங் ஏறுனா எனக்குத்தான் மெமோ."

"ஏறட்டும். நான் பேசிக்கிறேன். கூடைக்கு லக்கேஜ் போடு. அதுக்குக் காசு வாங்கிக்க."

கூடை பெரியது. அதற்குக் காசு உண்டு. அவர் கூடைக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அதை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு டிக்கெட் இல்லை. என் கீரைக்கு இருந்தது.

அவரும் நாலைந்து நாள் கேட்டுப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். ஐந்து ஐம்பது பஸ்ஸில் செக்கிங் ஏறி நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மருமகளும் வேண்டாமென்றாள். "அத்தைக்கு வேணாம்னா எனக்கும் வேணாம். அந்தத் துண்டுப் பேப்பரை வச்சு என்ன செய்ய?" ஜவுளிக் கடைப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். போகப் போக அது எங்க பஸ்ஸின் வழக்கமாகிப் போனது. வெளியூர்ப் பெண் யாராவது ஏறிக் கையை நீட்டினால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். அவளுக்கு ஒரு மாதிரியாகிவிடும். டிக்கெட் அடிக்கிற மிஷின் வந்த பிறகும் இப்படித்தான். "எங்க டெப்போவிலேயே என் மிஷின்லதான் பேப்பர் ரோல் மிச்சம்," என்று கண்டக்டர் சிரிப்பார். ஆம்பளைகளுக்கும் என் கூடைக்கும் அடித்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அவருக்கும் வேலை மிச்சம். எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு காலையில், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கண்டக்டர் சொன்னார்:

"நாளையில இருந்து ராத்திரி ஹால்ட் வண்டி கிடையாது. முதல் டிரிப்பை எடுத்துட்டாங்க. ஒம்போது மணி வண்டிதான்."

"ஏன் தம்பி?"

"ஆளில்லையாம்."

பஸ் நிறைய ஆள் இருந்தோம். ஒருத்தி எழுந்து நின்று, "அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?" என்றாள். அவர் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூடையைத் தலையில் வைத்து விலக்குக்கு நடந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் கூடவே வந்தாள். விலக்கில் வெளியூர் பஸ்கள் நிற்பதில்லை. நின்ற ஒன்றில் கூடையை ஏற்ற விடவில்லை. அவளை மட்டும் ஏற்றி அனுப்பினேன். ஷேர் ஆட்டோ பிடித்து நான் கே.கே. நகர் போய்ச் சேர்ந்தபோது எட்டேகால். முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவது வீட்டில், "இப்ப வந்தா எப்படிம்மா? கடையில வாங்கிட்டோமே," என்றார்கள். மீந்த கட்டுகளை மாட்டுத்தாவணியில் ஒரு மாட்டுக்கு வைத்துவிட்டு வந்தேன். அந்த வாரத்தில் பக்கத்து வீட்டு மருமகள் மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் தாமதமானால் வர வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் பதினோரு பேர் டெப்போவுக்குப் போனோம். நர்சிங் பிள்ளை மனு எழுதி எடுத்து வந்திருந்தது. அங்கே மேனேஜர் ஒருத்தர் இருந்தார். மரியாதையான ஆள், எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலி மூன்றுதான் இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

மனுவை வாசித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "தினமும் நாப்பது பேர் வர்றதா எழுதியிருக்கீங்க. இங்க பாருங்கம்மா. ஆண்கள் ஏழு, எட்டு. மகளிர் ஒண்ணு, சில நாள் அதுவும் இல்லை. இதுக்கு ஒரு வண்டியையும் ரெண்டு ஆளையும் ராத்திரி பூரா அங்க நிறுத்த முடியுமா?"

"நாங்க அம்புட்டுப் பேரும் தினமும் வாரோம் சார்," என்றாள் பக்கத்து வீட்டு மருமகள்.

"வந்திருந்தா டிக்கெட் இருக்கணுமே. நீங்க காசு குடுக்கலைன்னாலும், உங்களுக்காக அரசாங்கம் எங்களுக்குக் குடுக்குது. எதை வச்சுக் குடுக்கும்? மிஷின்ல அடிச்ச டிக்கெட்டை வச்சுத்தான். டிக்கெட் இல்லைன்னா அவங்க கணக்குல நீங்க பஸ்ஸுலயே ஏறலை." அவர் திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. "ஆனா ஒரு லக்கேஜ் மட்டும் தவறாமப் போயிருக்கு. மழை நாள்லகூட. ஆளே இல்லாம ஒரு லக்கேஜ் எப்படித் தினமும் மாட்டுத்தாவணிக்குப் போகுது?"

பத்துப் பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது பார்ப்பதைவிட மோசம்.

அப்போது மேனேஜரே ஒரு வழி காட்டினார். "கண்டக்டர் டிக்கெட் போடாம விட்டுட்டாரா? அப்படின்னா சொல்லுங்க. அவர் மேல நடவடிக்கை எடுத்துட்டு, வண்டியைப் பத்தி யோசிக்கலாம்."

நல்ல வழிதான். பக்கத்து வீட்டு மருமகள் என் தோளைத் தொட்டாள். வேலை அவளுக்கு. அவள் வாய் திறந்தால் நான் குறை சொல்ல முடியாது. "ஆமா சார், அவரு..." என்று ஆரம்பித்தாள்.

"அவரு போட வந்தாரு," என்றேன். "நான்தான் வேணாம்னேன். என்னைப் பாத்துத்தான் இவளுக எல்லாம் வேணாம்னாளுக. அந்தக் கூடை என்னோடது."

"ஏம்மா வேணாம்னீங்க?"

களத்தையும் மரக்காலையும் அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? "வேணாம்னு தோணுச்சு, வேணாம்னேன்," என்றேன்.

"அப்ப இதை எழுதிக் குடுக்கணும். மேல அனுப்பணும்ல."

நர்சிங் பிள்ளை பேனாவை எடுத்தது. நான் வாங்கிக்கொண்டேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, ஊருக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர்களிடம் கற்ற எழுத்து எனக்கு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், எழுத்துக் கூட்டிக் கடிதமும் எழுதுவேன். நேரமாகும். அன்றைக்கும் ஆனது. "கண்டக்டர் கேட்டார். நான் டிக்கெட் வாங்கவில்லை. மற்ற பெண்களும் என்னால் வாங்கவில்லை. பஸ்ஸில் ஆள் உண்டு." அவ்வளவுதான் எழுதினேன். மேனேஜர் இரண்டு தடவை மணியைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் வயசில் பதினோரு பேர் நடுவில் உட்கார்ந்து நான் செய்த தப்பை நானே எழுதியிருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு மருமகள், "அத்தை, அவரு மேல பழியைப் போட்டிருந்தா சோலி சுளுவா முடிஞ்சிருக்கும்," என்றாள்.

"முடிஞ்சிருக்கும்," என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். அதுவரைக்கும் அவள் வாங்கிக் கொடுத்து நான் குடித்ததில்லை.

இரண்டு வாரம், விடியுமுன்பே கிளம்பி விலக்குக்கு நடந்தோம். பிறகு ஒரு சாயங்காலம் பஸ் மந்தைக்கு வந்து நின்றது. ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்பார்களாம், டிக்கெட் இருந்தால் ஓடுமாம். பழைய கண்டக்டர் வரவில்லை. மெமோ கொடுத்து வேறு ரூட்டுக்குப் போட்டுவிட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தது அவரை முழுதாகக் காப்பாற்றவில்லை. வேலையாவது மிஞ்சியது.

மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் எடுத்ததும் புதுக் கண்டக்டர் மிஷினோடு பின்னாலிருந்து வந்தார். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. எனக்காகக் காத்திருந்தார்கள்.

கையை நீட்டிச் சத்தமாகச் சொன்னேன்: "கூடைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு."

"காது கேக்குது ஆத்தா. மதுரைக்கே கேட்டிருக்கும்," என்றார் அவர்.

மிஷின் கிர்ரென்று இரண்டு துண்டு தள்ளியது. அதற்குப் பிறகு நாலு பக்கமும் கை. "எனக்கு", "இங்க", "அண்ணே, எனக்கு முதல்ல" என்று ஒரே கூச்சல். விலக்கு வருவதற்குள் பேப்பர் ரோல் தீர்ந்து, வேறு ரோல் மாட்டினார்.

அந்த ஒரு மாசம் எப்போது முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. பஸ் மந்தையில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டு மருமகள் ஏழு மணிக்குக் கிளினிக்கில் இருக்கிறாள். என் டிக்கெட்டை இடுப்பில் சொருகுவதில்லை, கீரைக் கட்டுக்குள் சொருகிவிடுகிறேன். சில நாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கே.கே. நகர் வீடுகளுக்குப் போய்விடுகிறது. ஒரு அம்மா எடுத்துக் காட்டி, "இது உங்களோடதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

தினமும் கையை நீட்டுகிறேன். நீட்டும்போது என் முகம் மட்டும் இன்னும் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது.