ரெஜினா பேசிய ஞாயிறு

விடிகாலை 5.10-க்குத் திருவான்மியூரில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மரக்காணத்துக்கு டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். தூரமும் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர்தான். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டு நர்ஸாக இருக்கிறேன். குணமாகிப் போனவர்களின் ஊருக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. ரெஜினா போனில் சொன்னதற்காகத்தான் கிளம்பினேன்.

"ஞாயித்துக்கிழம பூசையில பேசப் போறேன் சிஸ்டர். நீங்க வந்தீங்கன்னா, தைரியம் போறப்ப உங்க மூஞ்சியப் பாத்துக்குவேன்."

கடப்பாக்கம் தாண்டும்போது மணி 7.15. கொஞ்ச நேரத்தில் உப்பளங்கள் ஆரம்பித்தன. வரப்பு போட்ட சதுரம் சதுரமான பாத்திகள், அவற்றில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் தண்ணீர், ஓரத்தில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். ஞாயிறென்றும் பாராமல் பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒதுங்க மரமோ மறைவோ எதுவும் கண்ணில் படவில்லை.

7.40-க்கு மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் ரெஜினா நின்றிருந்தார். நாற்பத்திரண்டு வயது, கஞ்சி போட்ட பச்சைப் புடவை. அவருடைய குடியிருப்புக்கு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ வேண்டாம் என்று வரப்பு வழியே கூட்டிப்போனார்.

அவருடைய கதையைப் பெயரோடு எழுதச் சொன்னவர் அவரே. கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷனில் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இரவும் பகலும் சிறுநீர் ஒழுகியபடியே இருந்தது. எத்தனை துணி வைத்தாலும் நாற்றம் நிற்காது, ஈரத்தில் தொடையெல்லாம் புண். ஒரு வருஷத்துக்குள் கணவர் குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்குக் காவல் வேலைக்குப் போனார், திரும்பவில்லை. கணவரின் அண்ணன் குடியிருப்பின் மாதா கோயிலில் உபதேசியார், ஃபாதருக்கு உதவியாக வேதம் சொல்லிக்கொடுப்பவர். ஏதோ பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்தான் ஊருக்குச் சொன்னார். ரெஜினாவும் அதை நம்பினார். ஏழு வருஷம் கோயில் கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நின்று பூசை கண்டார். அங்கே நின்றால் நாற்றம் யாருடையது என்று தெரியாதல்லவா.

"உப்புத் தண்ணி புண்ணுல பட்டா உயிர் போயிடும் சிஸ்டர். ஆனா வேலைக்குப் போவாம?"

"எப்படி வெளியே சொல்லணும்னு தோணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒருநாள் ஸ்பீக்கர்ல பிரசங்கம் கேட்டுது. பைபிள்ல வர்ற, பன்னெண்டு வருசம் ரத்தம் போன பொம்பள கத. யாருக்கும் தெரியாம ஆண்டவரு துணியத் தொட்டுட்டு ஓடிடலாம்னுதான் அந்தம்மா வந்துச்சு. அவரு விடல. யாரு தொட்டதுன்னு கேட்டு, அத்தினி பேரு முன்னாடி நிக்க வெச்சு, மகளேன்னு கூப்புட்டாரு. அப்ப ஒளிஞ்சிக்கச் சொன்னது அவரு இல்லன்னு எனக்குப் புரிஞ்சுது."

மறுநாளே கிராம நர்ஸிடம் வாயைத் திறந்தார். எங்கள் வார்டுக்கு வந்தார். இரண்டாவது ஆபரேஷனில் சரியானது. அதற்குப் பிறகு இதே நோயோடு அவர் அழைத்து வந்த பெண்கள் இரண்டு பேர். இருவரையும் சோறு ஊட்டி, துணி அலசிப் பார்த்துக்கொண்டவர் ரெஜினாதான். கூலி நாளை விட்டுவிட்டு எதற்கு இதெல்லாம் என்று அப்போது கேட்டேன். "இதுக்குத்தான் என்ன எழுப்பி உட்டிருக்காரு" என்றார். எனக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லை.

பூசை ஒன்பது மணிக்கு. வாசலில் உபதேசியார் மறித்தார்.

"பூசையில பேசணும்னு ஃபாதர் கிட்ட கேட்டியாமே? பொம்பளைங்க சமாச்சாரத்த கோயில்ல பேசுவியா? குடும்ப மானம் என்னாவறது?"

"உங்க குடும்பம் என்ன உட்டுட்டுப் போயி வருசமாச்சு மாமா" என்று சொல்லிவிட்டு ரெஜினா உள்ளே போனார்.

பூசை முடிந்து அறிவிப்பு நேரம். இளவயது ஃபாதர் தயங்கித் தரையைப் பார்த்தார். அவர் கூப்பிடும்வரை ரெஜினா காத்திருக்கவில்லை. எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஏழு வருசம் எனக்கு ஒண்ணுக்கு நிக்காம போயிக்கினு இருந்துது."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்கறவங்க சிரிச்சிக்கோங்க. இது பாவம் இல்ல. ஆபரேஷன்ல உழுந்த ஓட்ட. தச்சா மூடிக்கும். எனக்குத் தச்சாங்க. நான் வெளிய நின்னேனே, அது சாமி நிக்க வெக்கல. நீங்க நிக்க வெச்சீங்க."

உபதேசியார் ஸ்பீக்கரை அணைத்தார். ஆனால் ரெஜினாவுடையது உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பழகிய குரல். மைக்கைக் கீழே வைத்துவிட்டு அதே வேகத்தில் தொடர்ந்தார்.

"இன்னும் யாருன்னா இப்படி ஒளிஞ்சிக்கினு இருந்தா, எங்கிட்ட வாங்க. எந்த சாமியக் கும்புட்டாலும் வாங்க. நான் கூட்டினு போறேன்."

கூட்டம் கலைந்தபோது பாதிப் பேர் அவரைப் பார்க்காமல் போனார்கள். வயதான ஒருவர் அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார். ரெஜினா யாரையும் கவனிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நின்ற ஒரு பெண்ணை நோக்கி ஏறக்குறைய ஓடினார்.

அந்தப் பெண்ணுக்கு அஞ்சலை என்று நான் பெயர் வைத்துக்கொள்கிறேன். அவர் இன்னும் பெயர் சொல்ல அனுமதி தரவில்லை. பிரம்மதேசத்திலிருந்து உப்பள வேலைக்கு வருகிறவர், இந்துக் குடும்பம். வேலையில் எப்போதும் கடைசி ஆளாக விலகி நடப்பதைப் பார்த்து ரெஜினா மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ஒன்றுமில்லை என்றாராம். "ஞாயித்துக்கிழம வெளிய நின்னு கேளு, போதும்" என்று வரச் சொல்லியிருந்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா?" என்றார் அஞ்சலை, என்னைப் பார்த்துக்கொண்டே.

"என்னப் பத்தி இப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுது. நான் இங்கதான நிக்கிறேன்?"

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நான்கு விரலைக் காட்டினார். நான்கு வருஷம். நாளைக் காலை என்னோடு புறநோயாளிப் பிரிவுக்கு வரலாம் என்றேன். ரெஜினா என்னைத் தனியே இழுத்தார். "நாளைக்குன்னா வர மாட்டா சிஸ்டர். இன்னிக்கே போலாம்."

மதியம் 1.20-க்கு வந்த சென்னை பஸ்ஸில் மூவரும் ஏறினோம். என் வார்டில் இருபது வருஷமாக இந்த நோயைத் திரை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி 'அந்தப் பிரச்சினை' என்றுதான் சொல்கிறோம். மரியாதை என்று நினைத்திருந்தேன். அதுவும் ஒளித்துவைப்பதுதான் என்பது அன்று உறைத்தது.

பஸ்ஸில் பாதி காலி. அஞ்சலை மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சீட்டு கீதே, ஏம்மா நிக்கிற?" என்றார் கண்டக்டர்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டார். ரெஜினா ஜன்னலோர இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"உக்காரு அஞ்சல. நனைஞ்சா தொடச்சிக்கலாம்."

அஞ்சலை நுனியில் உட்கார்ந்தார். கல்பாக்கம் வருவதற்குள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.