அலைக்கு முதுகு காட்டாதவர்

மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்களுக்கு நடை பழகும்போதே ஒரு பாடம் உண்டு. அலை வந்தால் ஓடாதே. அதை நேருக்கு நேர் பார், மூச்சைப் பிடி, முங்கு. அது தலைக்கு மேலே போய்விடும், நீ அந்தப் பக்கம் எழுந்திருப்பாய். குழந்தை கையில் இருந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முங்கு. அலைக்கு முதுகு காட்டுகிறவனை எங்கள் ஊரில் ஆம்பளையாகவே மதிக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இதில் கெட்டிக்காரர். சுனாமி அன்று நடுக்கடலில் இருந்துவிட்டு ஒரு கீறல் இல்லாமல் கரை திரும்பியவர். அதற்குப் பிறகு அந்த மனிதருக்குத் தண்ணீரிடம் பயம் என்பதே அற்றுப்போயிற்று.

சில வருஷம் கழித்து ஒரு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறிக் கிடந்தது. வேலை இல்லாமல் வீட்டில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் திடீரென்று சொன்னார்: "கடலயே பாத்துக்கினு கெடக்கறோம். மலையில ஆறு ஓடுதாம், பாத்துட்டு வரலாம் வாடி."

நாங்கள் இரண்டு பேரும் ஆறு வயது மகளும் கிளம்பினோம். திண்டிவனத்தில் ஒரு பஸ், விழுப்புரத்தில் ஒரு பஸ், அப்புறம் கல்வராயன் மலைக்கு முக்கிக்கொண்டு ஏறுகிற இன்னொரு பஸ்.

பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் மலை, மலை முழுக்கக் காடு, நடுவில் பாறைகளுக்குள் நுழைந்து நுழைந்து ஓடுகிற ஆறு. மூங்கில்கள் தண்ணீரைத் தொடும்படி சாய்ந்திருந்தன. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவர் இரண்டு கையால் அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பே இல்லடி" என்று சிரித்தார். குடிக்கிற தண்ணீரில் குளிக்கிறார்களே பாவிகள் என்று நானும் சிரித்தேன். கல்யாணமாகி அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கரையில் மலைக்காரப் பெண் ஒருத்தி அருவாளால் பலாப்பழம் அறுத்துச் சுளை விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். மலை உச்சியில் மட்டும் கறுத்திருந்தது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் நடு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றார், நான் கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வர ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"மேல மழை கொட்டுது சாமி. ஏறுங்க, கரைக்கு ஏறுங்க."

"சுனாமியவே பாத்தவன் நானு. இந்த ஓட இன்னா பண்ணும்? நீ யாவாரத்தப் பாரும்மா" என்றார் அவர்.

லாரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. தூரத்து வளைவைத் திரும்பி, ஆள் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, உள்ளே முழு மரங்கள் புரண்டன. அவர் ஓடவில்லை. அதற்கு நேராகத் திரும்பினார், மகளை நெஞ்சோடு இறுக்கினார், முழங்காலை மடக்கினார். அவர் நின்ற தோரணையைப் பார்த்ததும் எனக்குப் பயம்கூடப் போய்விட்டது.

மலைக்காரி அருவாளோடு தண்ணீரில் பாய்ந்தாள். என் மகளின் சடையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை அலறியது. அவர் அந்தப் பெண்ணை வயிற்றில் உதைத்தார், முகத்தில் குத்தினார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தும் அவள் சடையை விடவில்லை. அருவாளைத் திருப்பி அதன் முதுகால் அவர் கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பிடி விட்டது. அவள் குழந்தையை இழுத்துக்கொண்டு கரைப் பாறை மேல் ஏறினாள்.

நான் அவள் மேல் விழுந்தேன். கொலைகாரி என்று கத்திக்கொண்டு அவள் தோளைக் கடித்தேன். அவள் என்னைத் திருப்பி அடிக்கவில்லை, குழந்தையைத் தன் உடம்புக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தாள். பின்னால் அவர் முறையாக முங்கியதைப் பார்த்தேன். தண்ணீர் அவருக்கு மேல் போனது. அந்தப் பக்கம் அவர் தலை எழும் என்று காத்திருந்தேன்.

அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை. தண்ணீருக்குப் பின்னால் தண்ணீர், அதற்குப் பின்னாலும் தண்ணீர், பாறை, மரம். கடல் அலை தாண்டிப் போய்விடும், ஆறு போகாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சாயங்காலம் கீழே ஒரு மூங்கில் புதரில் கிடைத்தார். முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. முறிந்த கையைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னேன்.

அவருடைய அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன். "கை இருந்தா நீந்தி வந்திருப்பான். அவதான் கொன்னா. கேஸ் குடு."

"கை இருந்தா ரெண்டு பொணம் மாமா" என்றேன்.

எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தார். போலீஸ்காரர் கேட்டபோது, கன்னம் எரிய எரிய, மரம் மோதிக் கை முறிந்தது என்று சொன்னேன். வீங்கிய மூக்கும் தோளில் என் பல் தடமுமாகச் சற்றுத் தள்ளி நின்றிருந்த அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் மேல்தான் எனக்குக் கோபம். இன்னும் தீரவில்லை.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். மாசி மகத்துக்குக் கடலாடப் போனால் எல்லாப் பிள்ளைகளும் அலையில் முங்குவார்கள், இவள் மட்டும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வருவாள். குப்பமே சிரிக்கும். போன வருஷம் அவள் பெரியப்பா, "அப்பன் பேரக் கெடுக்கவே பொறந்திருக்கா" என்றார்.

அவருக்குக் கேட்கும்படியாகவே நான் கத்தினேன்: "ஓடுடி, இன்னும் ஜல்தியா ஓடு."