நாலு டயருக்கும் காற்றடித்த மாமனார்

"...அதுல மாப்ளே மேல ஒரு தப்பும் கிடையாது சார். டயருக்குக் காத்து அடிச்சது நான்தான்" என்று என் மாமனார் காலை வெயிலில், பாலைவனக் கூடாரங்களுக்கு நடுவே நின்று சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் பெஷாவர் பக்கத்துக்காரர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. மாமா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பம்பு அடிப்பதுபோல் அடித்துக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, "ஹவா... நான்! மாப்ளே நஹி!" என்றார்.

அந்தப் பெஷாவர்க்காரரை நாங்கள் உஸ்தாத், அதாவது வாத்தியார், என்போம். துபாயில் எங்கே பார்த்தாலும் கிரேன் நின்ற காலம் அது. நான் அஜ்மானில் குடியிருந்துகொண்டு ஒரு டூர் கம்பெனியில் வண்டி ஓட்டினேன். சாயங்காலம் ஐந்து வண்டிகளில் டூரிஸ்ட்டுகளை மணலுக்குள் கூட்டிப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, மறுநாள் காலை திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதல் வண்டி போடும் தடத்தில்தான் மற்ற நாலும் வரும். அந்த முதல் வண்டி உஸ்தாதுடையது. அவர் நீண்ட லீவில் ஊருக்குப் போகவிருந்தார். "இந்த ஒரு ட்ரிப் நீ முன்னால போ, பார்க்கிறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில்தான் எனக்கு அந்த இடம்.

அதே வாரம் மாமா விசிட் விசாவில் வந்திருந்தார். பரமக்குடிப் பக்கம் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆபீசில் சொல்லிவிட்டு அவரை என் வண்டியின் முன் சீட்டில் உட்காரவைத்தேன். மருமகன் ஐந்து வண்டிக்கு முன்னால் போவதை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லாமல் இல்லை.

தார்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு டயர் கடை. அங்கே நின்று எல்லா வண்டிக்கும் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம். டயர் பரந்து படுத்தால்தான் மணலில் மிதக்கும். இறக்கி முடித்துவிட்டு, பெல்ட் போடுங்கள், கேமராவைப் பத்திரமாகப் பிடியுங்கள் என்று டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்லப் போனேன். மாமாவோ டயரைத் தட்டிப் பார்க்காமல் ஒருநாளும் டிப்போ கேட்டைத் தாண்டாதவர். தட்டியிருக்கிறார். நாலும் தொளதொளவென்று கிடந்திருக்கிறது. அடப்பாவமே, மாப்பிள்ளை கவனிக்கவில்லையே என்று பதறி, கடைக்காரரிடம் சைகையிலேயே பேசி, நாலுக்கும் கல்லு மாதிரி காற்றடித்து வைத்துவிட்டார். நானும் அவசரத்தில் குனிந்து பார்க்காமல் ஏறினேன். அது என் தப்பு.

முதல் மேட்டிலேயே வண்டி அச்சு வரைக்கும் புதைந்தது. உஸ்தாத் இறங்கி வந்து டயரைக் காலால் உதைத்து, மாமாவுக்குப் புரியாத இந்தியில் கத்தினார்.

"காத்தை இறக்காமலா முன்னால வந்தே? பச்சைக் குழந்தையா நீ?"

மாமாவின் விரல்களில் டயர்க் கறுப்பு ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவரைக் கைகாட்ட மனசு வரவில்லை. "மறந்துட்டேன் உஸ்தாத்" என்றேன். மாமாவையும் டூரிஸ்ட்டுகளையும் தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு, காற்றை இறக்கி, கயிறு கட்டி இழுத்தார்கள். முகாம் வரைக்கும் கடைசி வண்டியாகப் போனேன்.

"ஏன் மாப்ளே, பின்னாடியே வர்றோம்?"

"முன்னாடி தூசி அடங்கட்டும் மாமா" என்று சமாளித்தேன்.

முகாமில் சமையல் பார்த்த தஞ்சாவூர்க்காரர் சும்மா இருப்பாரா? காலையில் டீ ஊற்றிக்கொண்டே, "உங்க மாப்ளைக்கு முதல் வண்டி போச்சே, காத்தை இறக்க மறந்துட்டாராமே" என்று மாமாவிடம் போட்டு உடைத்துவிட்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு மாமா நேரே உஸ்தாதிடம் நடந்தார். மற்ற டிரைவர்கள் எல்லோரும் பார்க்கத்தான் பேசினார். முப்பது வருட சர்வீஸ் ஆள், தனக்குத் தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

உஸ்தாத் என் பக்கம் திரும்பினார். "நிஜமா? நேத்தே ஏன் சொல்லலை?"

"மாமனார், உஸ்தாத்."

அவர் தாடி குலுங்கச் சிரித்தார். "என் மாமனாரா இருந்தா ஸ்டியரிங்கையே கழட்டிக் கொடுத்திருப்பேன்." மாமாவின் தோளைத் தட்டிவிட்டு என்னிடம், "யல்லா, முன்னால போ" என்றார்.

இந்த முறை நாலு டயரையும் குனிந்து பார்த்தேன். மாமாவும் கூடவே குனிந்தார். "இன்னும் கொஞ்சம் எறக்கணுமா மாப்ளே?" என்று கேட்டார். வண்டி விஷயத்தில் அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. "போதும் மாமா" என்றபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

டூரிஸ்ட்டுகள் ஏறிவிட்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாமாவுக்காகக் காத்திருந்தேன். அவர் முன் சீட்டுக்கு வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்து, பின்னால் போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, தகரத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டி, முகாமே திரும்பிப் பார்க்கக் குரல் கொடுத்தார்: "போலாம்... ரைட்!"